எல்லார் கண்ணும் மின்ன வேண்டுமா?

அன்புள்ள ஐயா,

கல்லூரி முடித்துவிட்டு ஒரு ஆங்கிலச் சிறுகதையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அந்த ஒரு கதையிலேயே கிளீம், கிளிட்டர், கிளிம்மர், கிளிஸன், குளோ, டுவிங்கிள் எல்லாம் வருகின்றன. அகராதியைப் புரட்டினால் எல்லாவற்றுக்கும் ‘ஒளிர்’, ‘மின்னு’, ‘பிரகாசி’ என்றே இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் நேரான தமிழ்ச் சொல்லைப் பட்டியல் போட்டுத் தர முடியுமா? எந்த அகராதி வாங்கலாம்? பலவும் ‘கிளி’ என்று தொடங்குவதற்கு ஏதாவது காரணம் உண்டா? மூலத்திலிருந்து இரண்டு பக்கமும் என் மொழிபெயர்ப்பும் இணைத்திருக்கிறேன்.

எம்., திருநெல்வேலி

அன்புள்ள எம்.,

பட்டியல் தரமாட்டேன். தந்தால் மேசைமேல் ஒட்டிவைத்துக்கொண்டு கதையைப் படிக்காமலே மொழிபெயர்ப்பீர்கள். இப்போதும் கிட்டத்தட்ட அதைத்தான் செய்திருக்கிறீர்கள்.

ஆனாலும் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். மொழிபெயர்ப்புக் கதைகளில் எல்லார் கண்ணும் சதா மின்னிக்கொண்டிருப்பது கொஞ்ச நாளாகவே என்னை உறுத்துகிறது. உங்கள் இரண்டு பக்கத்தில் தாத்தா, விதவை, வட்டிக்காரன் மூவர் கண்களும் மின்னுகின்றன. தெருவுக்கே கரண்ட் வந்த மாதிரி.

மூலத்தைப் பாருங்கள். தாத்தாவுக்கு டுவிங்கிள், விதவைக்கு கிளிஸன், வட்டிக்காரனுக்கு கிளிட்டர். எழுதியவர் வேண்டுமென்றே பிரித்து வைத்ததை நீங்கள் ஒன்றாகக் கொட்டிக் கலந்துவிட்டீர்கள்.

கிளிஸன் ஈரத்தின் சொல். மழை விட்ட தார்ச்சாலை, வியர்த்த நெற்றி, எண்ணெய் பூசிய தோள் இவைதான் கிளிஸன் செய்யும். அங்கே வெளிச்சம் ஒரு சாக்கு; பொருள் நனைந்திருக்கிறது என்பதே செய்தி. அப்படியானால் அந்த விதவைக்கு என்ன ஆகிறது? அழுகை முட்டிக்கொண்டு வருகிறது, இன்னும் விழவில்லை. ‘கண்கள் பனித்தன’ என்று எழுதினால் முடிந்தது. ‘மின்னின’ என்று எழுதி, புருஷனைப் பறிகொடுத்தவளைச் சந்தோஷப்படுத்திவிட்டீர்களே தம்பி!

கிளிட்டர் வேறு. சரிகை, உடைந்த கண்ணாடி, உறைபனி போலப் பல புள்ளிகளாகத் தெறிக்கும் வெளிச்சம் அது. கண்ணுக்கு அதைச் சொன்னால் பெரும்பாலும் ஈரமோ இரக்கமோ இருக்காது. பேராசையாக இருக்கலாம், ஆத்திரமாக இருக்கலாம், காய்ச்சலாகவும் இருக்கலாம். வட்டிக்காரன் கண்ணில் இருப்பது எது என்று கதைதான் சொல்லும். டுவிங்கிள் விட்டுவிட்டு வருவது. தாத்தாவின் குறும்பு அது. கிளீம், வழவழப்பான பரப்பில் ஒரே சீராகத் தெரிவது. கண்ணில் வந்தால் ஆள் ஏதோ திட்டம் போட்டுவிட்டான் அல்லது எதையோ ஆசைப்பட்டுவிட்டான் என்று வைத்துக்கொள்ளலாம். கிளேர் என்று வந்தால் வெயிலுக்குக் கண்கூசல், மனிதனுக்கு முறைப்பு. அதற்குப் போய் ‘ஒளிவீசும் பார்வை’ என்று போட்டவர்களை நான் அறிவேன்.

வித்தியாசம் பார்க்கத் தேவையில்லாத இடமும் உண்டு. ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தில் தங்கப் பேழைக்குள் இருக்கும் வரியில் வருவது கிளிஸ்டர் என்ற பழைய சொல். பிற்காலத்து ஆங்கிலேயர்களே அதை கிளிட்டர் என்று மாற்றிச் சொல்லிப் பழகிவிட்டார்கள். நாம் ‘மின்னுவதெல்லாம் பொன்னல்ல’ என்கிறோம். ஒன்றும் குடிமுழுகிப் போய்விடவில்லை.

ஆனால் ‘அடுப்பில் கரி பிரகாசித்தது’ என்ற உங்கள் வரியை மன்னிக்க முடியாது. எங்கள் தெருக்கோடியில் ஒரு கொல்லுப்பட்டறை இருந்தது. கூரை தாழ்ந்து, பகலிலும் இருட்டு. வெளிச்சம் வர ஓலையைக் கொஞ்சம் தூக்கிக் கட்டலாமே என்று ஒருநாள் கேட்டேன். “வெளிச்சத்துல இரும்போட நிறம் தெரியாதுடா” என்றார் ஆசாரி. துருத்தி ஊதஊத இரும்பு கருஞ்சிவப்பாகி, சிவந்து, செம்மஞ்சளாகும். எந்த நிறத்தில் சம்மட்டி விழவேண்டும் என்பது அவருக்குத் தெரியும். குளோ என்றால் அதுதான். சுடர் இல்லை, படபடப்பு இல்லை, வெளியிலிருந்து எதுவும் பட்டுத் திரும்புவதில்லை. வெப்பம் உள்ளிருந்தே கசிகிறது. அமெரிக்க விஞ்ஞானி ஜான் வில்லியம் டிரேப்பர் 1847இல் இதை அளந்தார். ஏறக்குறைய 525 டிகிரி செல்சியஸில் திடப்பொருள்கள் மங்கிய சிவப்பாகத் தெரியத் தொடங்கும். ஆசாரியிடம் வெப்பமானி கிடையாது, இருட்டு இருந்தது. நம்மிடம் ‘கனன்றது’ என்று ஒரு சொல் சும்மா கிடக்கிறது. கரிக்கு அதைக் கொடுக்க உங்களுக்கு என்ன தயக்கம்? வெட்கப்பட்ட முகத்துக்கும் ஆங்கிலத்தில் குளோ வரும். அங்கே ‘கனன்றது’ என்று போட்டால் கோபமாகிவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதனால்தான் பட்டியல் வேண்டாம் என்கிறேன்.

இன்னொன்று. வெள்ளிக் கோளைக் கண்சிமிட்ட வைத்திருக்கிறீர்கள். நட்சத்திரம் வெறும் புள்ளியாகத் தெரிவதால் காற்றின் கலக்கத்தில் துடிக்கும். வெள்ளி சின்ன வட்டு. அடிவானத்தை விட்டு மேலே இருக்கும்போது பெரும்பாலும் அசையாமல் நிற்கும். மூலத்திலும் ‘அசையாமல்’ என்றே இருக்கிறது!

‘கிளி’ ஒலியைப் பற்றி மொழியியலாளர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள், தேடிப் படியுங்கள். ஆனால் ஒலியை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஒளியோடு சம்பந்தமில்லாத கையுறைக்கும் (குளவ்) பசைக்கும் (குளூ)கூட ஆங்கிலத்தில் அதே ‘ஜி-எல்’ தொடக்கம்தான்.

அகராதி புதிதாக வாங்க வேண்டாம். ஆங்கிலம் கற்பவர்களுக்கான ஆங்கில–ஆங்கில அகராதி ஏதாவது ஒன்றில் உதாரண வாக்கியங்களை மட்டும் படியுங்கள். என்னென்ன பொருள்கள் அந்தச் சொல்லோடு சேர்ந்து வருகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். நடை உங்களுக்கு நன்றாகவே வருகிறது, அதனால்தான் இவ்வளவு திட்டுகிறேன். அந்த மூன்று ஜோடிக் கண்களையும் திருத்தி அடுத்த வாரம் அனுப்புங்கள்.