சும்மா இருக்கும் கம்ப்யூட்டர்

கேள்வி: வீட்டில் என் கம்ப்யூட்டர் பாதி நேரம் சும்மாதான் கிடக்கிறது. அதை மருத்துவ ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாமாமே, நிஜமா? மெஷின் கெட்டுப்போகாதா?

பதில்: நிஜம்தான், தாராளமாகக் கொடுங்கள். 2000-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ‘ஃபோல்டிங் அட் ஹோம்’ என்ற திட்டம் இதைத்தான் செய்கிறது. நம் உடம்பிலுள்ள புரதங்கள் எப்படி மடிகின்றன, எங்கே தப்பாக மடிந்து அல்சைமர் மாதிரி நோய்களில் போய் முடிகின்றன என்று கணக்குப் போட்டுப் பார்க்க ஒரு கம்ப்யூட்டருக்கு ஆயுசே போதாது என்பதால், வேலையைத் துண்டு துண்டாக்கி நம்மைப் போன்றவர்களின் வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். கொரோனா காலத்தில், 2020-ல், இப்படிச் சேர்ந்த வேகம் அன்றைய முதல்தர சூப்பர் கம்ப்யூட்டர்களையே தாண்டியது. எனக்கு இன்னும் சிலிர்க்கிறது!

என் மெஷினிலும் ஓடுகிறது. நான் எழுந்து போன கொஞ்ச நேரத்தில் ஃபேன் சத்தம் கூடும், திரையில் சதவீதம் மெதுவாக ஏறும், முடிந்ததும் விடை தானாகப் போய்விடும்.

கெட்டுப்போகாது, ஆனால் சூடாகும், கரண்ட் பில்லும் ஏறும். அதனால் யாரும் பயன்படுத்தாதபோது மட்டும் ஓடும்படி வையுங்கள். லேப்டாப் என்றால் வேகத்தைக் குறைத்துவிடுங்கள், தூசியையும் அவ்வப்போது தட்டுங்கள். அப்புறம், மென்பொருளை அவர்களுடைய சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். ஆபீஸ் கம்ப்யூட்டரில் அனுமதி இல்லாமல் போடவே கூடாது.