வாசகர் கேள்வி-பதில்: கேத்தலின் கணக்கு பம்புக்குப் பொருந்துமா?

கேள்வி: 230 வோல்ற், 60 வாற் இழை பல்பின் தடையைக் கணக்கிட்டால் 882 ஓம் வருகிறது. மல்ரிமீற்றரில் அளந்தால் 65 ஓம்தான். எது பிழை?
– சாதாரண தர மாணவி, வட்டுக்கோட்டை

பதில்: இரண்டும் சரி. 60ஐ 230ஆல் வகுத்தால் ஓட்டம் 0.261 அம்பியர். 230ஐ அதால் வகுக்க உங்கள் 882 வரும். அது எரிந்துகொண்டிருக்கும் பல்பின் தடை. அப்போது டங்ஸ்ரன் இழை 2000 பாகை செல்சியசுக்கு மேல் கொதிக்கிறது. மீற்றர் அளந்தது ஆறிய இழையை. சுவிட்சைப் போட்ட கணத்தில் 230 ÷ 65, அதாவது மூன்றரை அம்பியர் வரை பாயும். இழை சூடேறியதும் 0.26க்கு இறங்கிவிடும். பழைய பல்புகள் பெரும்பாலும் சுவிட்ச் போடும்போதே போவதற்கு இதுதான் காரணம். பரீட்சையில் பல்பில் எழுதிய அளவுகளைத் தந்து தடையைக் கேட்டால் 882ஐ எழுதுங்கள்.

மீற்றரை ஓம் நிலையில் வைத்திருக்கும்போது பல்ப் கழற்றப்பட்டிருக்க வேண்டும். இன்னொன்று: சிவப்பு வயரை 10 அம்பியர் துளையில் விட்டபடி பிளக் பொயின்ரில் வோல்ற் பார்க்கப் போகாதீர்கள். அந்தத் துளையின் தடை ஏறத்தாழ பூச்சியம். நேரே ஷோட் ஆகும்.

கேள்வி: பின்னேரத்தில் எங்கள் ஒழுங்கைக் கடைசியில் 190 வோல்ற்தான் வருகிறது. 2000 வாற் கேத்தல் அப்போது குறைவான யூனிற்றில் தண்ணீர் கொதிக்க வைக்குமா?
– இல்லத்தரசி, கோண்டாவில்

பதில்: வலு குறையும், யூனிற் குறையாது. கேத்தலின் கம்பி பல்ப் இழைபோல அல்ல. சூடேறினாலும் அதன் தடை அதிகம் மாறாது. 230ஐ 230ஆல் பெருக்கி 2000ஆல் வகுத்தால் 26.45 ஓம். இனி 190ஐ 190ஆல் பெருக்கி 26.45ஆல் வகுங்கள்: 1365 வாற். வோல்ற் ஆறில் ஒரு பங்கு குறைய, வலு மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. ஒன்றரை லீற்றர் தண்ணீரை 30 பாகையிலிருந்து கொதிக்க வைக்க 0.12 யூனிற் வேண்டும். முழு வோல்ற்றில் அதற்கு நாலு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு, 190இல் ஐந்தரை நிமிடம். கூடுதல் நேரத்தில் வெளியே போகும் சூட்டையும் சேர்த்தால் செலவு ஒரு துளி கூடவே வரும்.

கேள்வி: தோட்டக் கிணற்றில் 1 குதிரை வலு பம். மெயின் சுருளை அளந்தால் 4 ஓம். அப்படியென்றால் 57 அம்பியர் இழுக்க வேண்டுமே. வயரைச் சுற்றிப் பிடித்து ஓட்டம் அளக்கும் கிளாம்ப் மீற்றர் 5.8 காட்டுகிறது. சில நாட்களில் பம் உறுமிக்கொண்டு சுழலாமல் நிற்கிறது. வீட்டிலிருந்து 60 மீற்றர் தூரத்துக்கு 1/1.13 வயர் (1.13 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒற்றைக் கம்பி, 1 சதுர மில்லிமீற்றர்) இழுத்திருக்கிறோம்.
– விவசாயி, புன்னாலைக்கட்டுவன்

பதில்: மல்ரிமீற்றர் காட்டிய 4 ஓம் செப்புக் கம்பியின் தடை மட்டும். ஆடலோட்டத்தில் (ஏசி) சுருளின் காந்தப்புலம் ஓட்டத்தை எதிர்த்துப் பிடிக்கிறது; அதை ஓம்மீற்றர் காட்டாது. ஆகவே மோட்டருக்கு வோல்ற்றைத் தடையால் வகுக்கும் கணக்கு உதவாது. வோல்ற்றையும் அம்பியரையும் பெருக்கினாலும் 1334 வரும். அது வாற் அல்ல. வலுக்காரணி (அந்தப் பெருக்கத்தில் உண்மையான வாற்றாகும் பங்கு) 0.8 அளவில் இருந்தால் வீட்டு மின்மீற்றரில் ஓடுவது 1067 வாற். அதில் 746 வாற், அதாவது 1 குதிரை வலு, தண்டில் வேலையாகிறது, மிச்சம் சூடு.

உறுமலுக்கு வயரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். போக வர 120 மீற்றர். 1 சதுர மில்லிமீற்றர் செப்பு மீற்றருக்கு 0.0175 ஓம், மொத்தம் 2.1 ஓம். ஓடும்போது 12 வோல்ற் இழப்பு, பொறுக்கலாம். தொடங்கும் கணத்தில் ஐந்து மடங்கு, சுமார் 30 அம்பியர் வேண்டும். அப்போது வயரிலேயே 63 வோல்ற் விழுந்து பம்புக்கு 167 கிடைக்கும். முறுக்கு, அதாவது தண்டைச் சுழற்றும் பலம், வோல்ற்றின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைவதால் பாதி பலம்தான். மின்வழங்கல் இறங்கிய நாளில் அதுவும் இல்லை. 7/0.67 வயர் (0.67 மில்லிமீற்றர் கம்பி ஏழு, 2.5 சதுர மில்லிமீற்றர்) போட்டால் தடை 0.84 ஓம், தொடக்க இழப்பு 25 வோல்ற். அதைவிட மெல்லிய வயரை இந்தத் தூரத்துக்கு இழுக்கக் கூடாது.

காசு செலவழிக்க முன் ஒரு சோதனை. பம்பைப் போடும்போது மீற்றர்ப் பலகையிலும் பம் முனையிலும் வோல்ற் பாருங்கள். பலகையில் 225 நிற்க, பம்பில் 165க்கு விழுந்தால் வயர் அல்லது மூட்டு. இரண்டு இடத்திலும் விழுந்தால் வெளி லைன். இரண்டிலும் நன்றாக நின்றும் உறுமினால் மோட்டர் சுழலத் தொடங்க உதவும் கப்பாசிற்றரை மாற்றுங்கள். கை வைக்க முன் அதில் தேங்கிய மின்னை டிஸ்சார்ஜ் செய்ய வேண்டும்.

முறுக்கி ரேப் சுற்றிய மூட்டுகள் வேறு பிரச்சினை. அரை ஓம் மூட்டில் 5.8 அம்பியர் போனால் அந்த ஒரு புள்ளியில் 17 வாற், சின்ன பற்றாசுக் கோலின் சூடு. ரேப் இளகியிருந்தால் அந்த மூட்டைத் தேட வேண்டியதில்லை. உறுமும் பம்பை ஓடவிட்டுக் காத்திருக்காதீர்கள்: 30 அம்பியரில் 4 ஓம் சுருள் 3600 வாற் சூடாகும், சுருள் கருகுவது நிமிடக் கணக்குத்தான்.

கேள்வி: போன் சார்ஜரில் 240 வோல்ற், 0.35 அம்பியர் என்றிருக்கிறது. 84 வாற் எடுக்குமா?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: இல்லை. லேபிளில் இருப்பது 100 முதல் 240 வரை, 0.35 என்பது 100 வோல்ற்றுக்கான உச்ச அளவு. வெளியீட்டைப் பாருங்கள்: 5 வோல்ற், 2 அம்பியர் என்றால் 10 வாற். சார்ஜரின் இழப்பையும் சேர்த்தால் சுவரிலிருந்து 12, 13 வாற்.