மேனேஜர் பதவி வேண்டாம் என்றால் வேலைக்கு ஆபத்தா?

கேள்வி: காரைக்குடியில் வீட்டிலிருந்தபடி பெங்களூரு நிறுவனம் ஒன்றுக்கு சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறேன். 11 ஆண்டு அனுபவம். ஏப்ரலில் மேனேஜர் ஆக்குவதாகச் சொல்கிறார்கள். எனக்குக் கோட் எழுதுவதில்தான் விருப்பம். “அந்தக் காலத்தில் பர்மா வட்டிக்கடைக்கு அடுத்தாளாக (உதவியாளாக) போனவன் மேலாள் (கடைப் பொறுப்பாளர்) ஆகத்தானே துடித்தான், நீ வருவதைத் தள்ளுகிறாயே” என்று அப்பச்சி வருத்தப்படுகிறார். மறுத்தால் பின்னால் சிக்கல் வருமா?

பதில்: அடுத்தாள் மேலாள் ஆனாலும் பார்ப்பது அதே கொடுக்கல் வாங்கல்தான். நீங்கள் மேனேஜர் ஆனால் தொழிலே மாறும். ஆள் எடுப்பது, அப்ரைசல், லீவு, கிளையண்ட் புகார் என்று நாள் போய்விடும். இதை அப்பச்சியிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

சிக்கல் வருமா என்பது நிறுவனத்தைப் பொறுத்தது. சொந்தமாக மென்பொருள் தயாரிக்கும் நிறுவனங்கள் பலவற்றில் சீனியர் என்ஜினியராகவே எத்தனை ஆண்டும் இருக்கலாம். ஸ்டாஃப் என்ஜினியர், பிரின்சிபல் என்ஜினியர் என்று தனிப் பதவி ஏணியும் உண்டு. பிற நிறுவனங்களுக்கு வேலை செய்து தரும் சர்வீஸ் நிறுவனத்தில் கவனம் தேவை. அங்கே பெரும்பாலும் கிளையண்ட் உங்கள் கிரேடுக்குத்தான் (பணிநிலைக்குத்தான்) பணம் தருகிறார். சம்பளம் ஏறி, அந்தத் தொகை ஏறாவிட்டால் லாபம் சுருங்கும். புராஜெக்ட் முடியும்போது முதலில் பெஞ்சுக்கு (அடுத்த புராஜெக்ட் கிடைக்காத காத்திருப்புக்கு) போவது அப்படிப்பட்டவர்தான்.

ஆகவே ஹெச்.ஆரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். உங்கள் கிரேடின் சம்பள உச்சவரம்பு எவ்வளவு? அதைத் தொட்டபின் இன்க்ரிமென்ட் நின்றுவிடுமா, போனஸாகவாவது வருமா? வேலையை விடும்போது தரும் கிராஜுவிட்டியையும் (பணிக்கொடை) கணக்கில் வையுங்கள். கடைசி மாத அடிப்படைச் சம்பளத்தை (பஞ்சப்படி இருந்தால் அதையும் சேர்த்து) 15/26 ஆல் பெருக்கி, அதைப் பணியாண்டுகளால் பெருக்குவார்கள். அடிப்படை 60,000 ரூபாய், 10 ஆண்டு என்றால் சுமார் 3.46 லட்சம், அதுவே மேனேஜராகி அடிப்படை 80,000 என்றால் சுமார் 4.61 லட்சம். வாடகை இல்லாத சொந்த வீட்டில் இருப்பவருக்கு இந்த வித்தியாசம் தாங்கக்கூடியதே என்பது எங்கள் கருத்து.

மறுப்பதை அப்ரைசல் பட்டியல் மேலிடத்துக்குப் போகுமுன் சொல்லிவிடுங்கள். உங்களுக்காக வாதாடி ஒப்புதல் வாங்கிய பிறகு வேண்டாம் என்றால் உங்கள் மேனேஜருக்குத் தலைக்குனிவு. இன்னொருவருக்குப் போயிருக்கவேண்டிய இடமும் வீணாகும். நேரில் பேசிவிட்டு இரண்டு வரி மெயில் போடுங்கள். பதிலாக எதை ஏற்பீர்கள் என்பதும் அதில் இருக்கட்டும்: பழைய டேட்டாபேஸை மாற்றித் தருவது, புதிதாகச் சேர்ந்த இருவரைப் பழக்குவது, இப்படி ஏதாவது.

பலர் ஏமாறுவது இதற்குப் பிறகுதான். பதவி வராது, வேலை மட்டும் வரும். “இந்த நாலு பேரைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்” என்பார்கள். ஆறு மாதத்தில் அவர்களுடைய ரேட்டிங்கும் உங்கள் தலையில் விழும். வரும் ஆண்டுக்கான உங்கள் இலக்குப் பட்டியலில் ஆள் மேற்பார்வை இல்லை என்பதை இப்போதே எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

வேறு கம்பெனிக்குப் போனாலும் “டீம் சைஸ் எவ்வளவு?” என்று கேட்பார்கள். நீங்களே வடிவமைத்த சிஸ்டம் எது, அது எவ்வளவு லோடு தாங்குகிறது, எந்தப் பழுதின் வேரைக் கண்டுபிடித்தீர்கள் என்று ரெஸ்யூமேயில் எண்களோடு எழுதி, ஆண்டுக்கொருமுறை புதுப்பியுங்கள். எழுத ஒன்றுமே இல்லாமல் ஓர் ஆண்டு போனால் புராஜெக்ட் மாற்றிக் கேட்கும் நேரம் வந்துவிட்டது.

பதவியைவிட எங்களுக்குக் கவலை தருவது உங்கள் பணியிடம். நியமனக் கடிதத்தில் பெங்களூரு என்று இருந்தால் என்றைக்கு வேண்டுமானாலும் ஆபீசுக்கு வரச் சொல்லலாம். அப்ரைசலோடு சேர்த்து, காரைக்குடியிலிருந்து வேலை பார்க்க எழுத்துமூலம் அனுமதி கேளுங்கள்.