வெயில் அடித்தால் அடிமை முறை வந்துவிடுமா?

கேள்வி: நியூஜெர்சியில் இருக்கிறோம். எட்டாவது படிக்கும் மகளுக்கு ஒரு கட்டுரை: அமெரிக்காவின் 13 ஆங்கிலேயக் குடியேற்றங்களில் நிலமும் தட்பவெப்பமும் தொழிலையும் உழைப்பையும் எப்படி மாற்றின? ‘தெற்கே வெயில், அதனால் பெரிய தோட்டங்கள், அடிமைகள். வடக்கே குளிர், அதனால் அடிமைகள் இல்லை’ என்று எழுதினாள். போதாது என்று ஆசிரியர் திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்கு அது சரியாகத்தான் பட்டது. எப்படித் திருத்துவது?

பதில்: முதலில் அந்த ‘வடக்கே அடிமைகள் இல்லை’யை அடித்துவிடச் சொல்லுங்கள். அடிமை முறைக்குச் சட்டத்தில் இடம் கொடுத்த முதல் ஆங்கிலேயக் குடியேற்றம் வடக்கே இருக்கும் மாசசூசெட்ஸ்தான், 1641-இல். நீங்கள் குடியிருக்கும் நியூஜெர்சியிலும் அடிமைகள் இருந்தார்கள். படிப்படியாக ஒழிப்பதற்கான சட்டமே 1804-இல்தான் வந்தது. வெயில், குளிர் என்று இரண்டாகப் பிரித்ததில்தான் சிக்கல். எந்த மண்ணில் என்ன விளைந்தது, அதற்கு வருஷத்தில் எத்தனை மாதம் கை வேண்டியிருந்தது என்று பார்த்தால் வழி கிடைக்கும்.

தெற்கே இருக்கும் வர்ஜீனியாவில் தொடங்கலாம். அங்கே புகையிலை. நாற்று விட்டு, பறித்து நட்டு, நுனி கிள்ளி, சிம்பு ஒடித்து, இலை இலையாகப் புழு பொறுக்கி, அறுத்து உலர்த்தி, பீப்பாயில் அடைக்கும்வரை ஓய்வில்லை. திண்டுக்கல் பக்கம் புகையிலை போட்ட குடும்பத்துக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சில வருஷங்களில் மண் சத்திழந்துவிடும். புதுக் காடு அழிக்க வேண்டும், ஆகவே நிலமும் நிறைய வேண்டும். இன்னொன்று ஆறு. ஜேம்ஸ், யார்க், ரப்பஹானக், பொட்டோமக் நான்கிலும் கடல் கப்பல் உள்ளே வரைக்கும் போகும். பெரிய தோட்டக்காரர் தன் துறையிலேயே பீப்பாயை ஏற்றிவிடலாம். நடுவில் துறைமுக நகரம் எதற்கு? அதனால்தான் அங்கே நெடுங்காலம் பெரிய ஊர்களே உருவாகவில்லை.

பென்சில்வேனியாவில் கோதுமை. விதைப்பிலும் அறுப்பிலும்தான் ஆள் வேண்டும், நடுவில் குடும்பமே பார்த்துக்கொள்ளும். வருஷம் முழுக்க ஓர் ஆளை வைத்துச் சோறு போடுவதைவிட அறுப்புக்குக் கூலி ஆள் பிடிப்பது கட்டுப்படியாகும். மாவு அரைக்கவும் ஏற்றவும் வியாபாரிகள் வேண்டும், பிலடெல்பியா வளர்ந்தது.

மாசசூசெட்ஸ், ரோட் ஐலண்ட் எல்லாம் அடங்கிய வடக்குப் பகுதியான நியூ இங்கிலாந்தில் பனிப்பாறை விட்டுப்போன கல் நிலம், குறுகிய பருவம். விளைவது வீட்டுக்கு ஆகும், விற்க ஆகாது. ஆனால் கடலில் காட் மீன், கரையில் கப்பலுக்கு மரம். இங்கேதான் உங்கள் மகள் கவனிக்க வேண்டும். நல்ல கருவாடு ஐரோப்பாவுக்குப் போனது. மட்டமான கருவாடு கரீபியன் தீவுகளுக்குப் போனது, கரும்புத் தோட்ட அடிமைகளின் சாப்பாட்டுக்கு. அங்கிருந்து கரும்புப் பாகு வந்தது, அதைக் காய்ச்சி ரம் எடுத்தார்கள். ரோட் ஐலண்டின் நியூபோர்ட்டிலிருந்து ரம் ஏற்றிய கப்பல்கள் ஆப்பிரிக்காவுக்கு ஆள் வாங்கப் போயின. மாசசூசெட்ஸ் வயலில் அடிமைகள் குறைவுதான், ஆனால் அந்தக் கருவாட்டைத் தின்றது யார்?

அப்புறம் தென் கரோலினா. நமக்கு உடனே பிடிபடும் இடம், ஏனென்றால் அங்கே நெல். கடலோரச் சதுப்பை வெட்டிக் கரை கட்டி வயலாக்கினார்கள். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முறை இன்னும் நுட்பமானது. கடல் ஏற்றத்தின்போது ஆற்று நன்னீர் மேலே எழும்பும். அப்போது மதகைத் திறந்து வயலுக்கு விடுவது, வற்றத்தில் வடிப்பது. தொடக்கத்தில் மதகு என்பது குடைந்த மரத்துண்டும் அதற்கு ஓர் அடைப்பும்தான். அடிமை ஒருவருக்கு ஒரு நாளைக்குக் கால் ஏக்கர் என்று அளந்து விட்டார்கள். முழங்கால் சேறு, கொசு, மலேரியா. அறுத்த நெல்லை உரலில் குத்தி, புல்லால் பின்னிய தட்டில் புடைத்தார்கள். நெல் வேலை தெரிந்த மேற்கு ஆப்பிரிக்கர்களும் அவர்களில் இருந்தார்கள். அந்த அறிவு எவ்வளவு தூரம் கைகொடுத்தது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டை உண்டு. 1708-இலேயே அங்கே வெள்ளையரைவிடக் கறுப்பர்கள் அதிகம்.

சரி, இதையெல்லாம் மண்தான் தீர்மானித்ததா? கட்டுரை தேறுவது இந்தக் கேள்வியில்தான். மண் வேலையைத் தந்தது. யார் செய்வது என்பதைச் சட்டம் போட்டவர்கள் முடிவு செய்தார்கள் என்பேன். இரண்டு சான்று போதும்.

வர்ஜீனியாவுக்கு 1619-இலேயே ஆப்பிரிக்கர்களைக் கொண்டுவந்துவிட்டார்கள். ஆனால் அதற்கப்புறம் அரை நூற்றாண்டுக்கு மேல் புகையிலைக் காட்டில் பெரும்பாலும் உழைத்தது, கப்பல் செலவுக்கு ஈடாக 4 முதல் 7 வருஷம் ஒப்பந்தத்தில் வந்த ஏழை ஆங்கிலேயர்கள். அதே வெயில், அதே புகையிலை. பிறகு அவர்கள் வரத்து குறைந்தது. ஒப்பந்தம் முடிந்து நிலமில்லாமல் திரிந்தவர்கள் 1676-இல் வர்ஜீனியா ஆளுநரை எதிர்த்து எழுந்த பேக்கனின் கலகத்தில் சேர்ந்து தலைநகர் ஜேம்ஸ்டவுனை எரித்ததும் தோட்டக்காரர்களுக்கு ஒரு பாடம். ஆப்பிரிக்க அடிமைகள் பக்கம் திரும்பினார்கள். தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை என்று 1662-இலேயே சட்டம் இருந்தது. 1705-இல் அடிமைச் சட்டங்கள் எல்லாவற்றையும் சேர்த்து முழுச் சட்டத் தொகுப்பே போட்டார்கள்.

இரண்டாவது ஜார்ஜியா. தென் கரோலினாவுக்கும் அதற்கும் நடுவில் சவன்னா ஆறு மட்டும்தான். இக்கரையிலும் சதுப்பு, அக்கரையிலும் சதுப்பு. ஆனால் ஜார்ஜியாவில் 1735-இல் அடிமை முறைக்குத் தடை போட்டார்கள். அக்கரைக்காரர்கள் கொழிப்பதைப் பார்த்துக் குடியேறியவர்கள் மனு மேல் மனு போட்டார்கள். 1751-இல் தடை போனது, நெல் தோட்டங்கள் பெருகின. ஆறும் மழையும் மாறவில்லையே.

மகளைத் தாளில் முதலில் ஆறுகளை வரையச் சொல்லுங்கள். பக்கத்தில் பயிர், அதற்கடுத்து வருஷத்தில் எத்தனை மாத வேலை, கடைசியில் அந்த ஊர்ச் சட்டம் வந்த ஆண்டு. நெல் பத்தியை எழுதும் முன் ஊரிலிருக்கும் பாட்டிக்கு ஒரு போன் போடட்டும். ஒரு மரக்கால் நெல்லைக் குத்தி அரிசியாக்க எவ்வளவு நேரம் ஆகும், தோள் எங்கே வலிக்கும் என்று கேட்கட்டும்.