சாமியார்களைப் பற்றிப் படிக்கப் போகிறாளாம்!

“என் மகள் பி.ஏ. சமூகவியல் கடைசி வருடம். மேற்கொண்டு ‘கல்ட்’களை, அதாவது ஒரு குருவைச் சுற்றிப் புதிதாய்க் கிளம்பும் சமயக் குழுக்களைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்வேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். போகிற இடத்தில் அவளையே இழுத்துப் போட்டுக்கொண்டால் என்ன செய்வது? அதுவும் போகட்டும், இதைப் படித்தால் சோறு கிடைக்குமா?”
- ஒரு தாய், தென்காசி

அம்மா, உங்கள் இரண்டாவது கேள்விதான் எனக்குக் கஷ்டம். முதல் கேள்விக்கு நாற்பது வருடத்துக்கு முன்பே ஒரு பெண்மணி விடை தேடிப் போயிருக்கிறார்.

லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸின் சமூகவியலாளர் ஐலீன் பார்க்கர்தான் அவர். கொரியாக்காரர் சன் மியுங் மூன் தொடங்கிய சபை பிள்ளைகளை மூளைச்சலவை செய்கிறது என்று இங்கிலாந்துப் பெற்றோர்கள் பதறிக்கொண்டிருந்த காலம். பார்க்கர் நேராக அந்தச் சபையின் முகாமிலேயே போய் உட்கார்ந்தார். ஒளிந்துகொண்டு அல்ல, ஆய்வாளர் என்று சொல்லிக்கொண்டே. 1979இல் லண்டன் பகுதி முகாம்களுக்கு வந்த ஆயிரத்துச் சொச்சம் பேரைக் கணக்கெடுத்தால், 90 சதவீதம் பேர் சேரவே இல்லை. சேர்ந்தவர்களிலும் பெரும்பாலோர் இரண்டு வருடத்துக்குள் தாங்களாகவே வெளியே வந்துவிட்டார்கள். வருடக்கணக்கில் கூடவே இருந்த பார்க்கரும் சேரவில்லை. 1988இல் அவர் தொடங்கிய ‘இன்ஃபார்ம்’ என்ற அமைப்பு, பிள்ளை எதிலோ போய்ச் சேர்ந்துவிட்டதே என்று தவிக்கும் குடும்பங்களுக்கு, அந்தக் குழுவைப் பற்றிச் சரிபார்த்த தகவலைத் தருகிறது. பயமுறுத்துவதும் இல்லை, பூசி மெழுகுவதும் இல்லை.

ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1978இல் தென் அமெரிக்க நாடான கயானாவின் ஜோன்ஸ்டவுனில் ஜிம் ஜோன்ஸ் என்பவரின் குழுவைச் சேர்ந்த 900 பேருக்கு மேல் ஒரே நாளில் செத்தார்கள். 1995இல் டோக்கியோ சுரங்க ரயிலில் விஷவாயு விட்டது ஓம் ஷின்ரிக்யோ என்ற குழு. அந்த விவகாரத்தில் ஆய்வாளர்களும் சறுக்கினார்கள். முன்பு அந்தக் குழுவுக்குச் சாதகமாகப் பேசியிருந்த ஜப்பானியப் பேராசிரியர் ஒருவர் பதவியையே விட வேண்டிவந்தது. குழுவின் செலவில் டோக்கியோ போய் அதற்காகப் பேசிய அமெரிக்க அறிஞர்களும் பேரைக் கெடுத்துக்கொண்டார்கள். உங்கள் மகளுக்கு நான் சொல்லும் முதல் விதி இதுதான்: பஸ் டிக்கெட் தன் காசு, அறை வாடகை தன் காசு. வழிகாட்டிப் பேராசிரியரின் கடிதம் இல்லாமல் எந்த ஆசிரமத்திலும் இரவு தங்கக் கூடாது.

இந்தப் படிப்பால் என்ன பிரயோசனம் என்று வீட்டுக்காரர் கேட்டால் வேகோ என்ற அமெரிக்க ஊரின் கதையைச் சொல்லுங்கள். 1993, டெக்சாஸ். டேவிட் கொரேஷ் என்பவரின் குழு தங்கியிருந்த இடத்தை அமெரிக்கப் போலீஸ் 51 நாள் வளைத்து நின்றது. அவர் தொலைபேசியில் மணிக்கணக்காகப் பேசியதெல்லாம் உலக முடிவைச் சொல்லும் பைபிளின் கடைசிப் புத்தகத்தில் வரும் ஏழு முத்திரைகளைப் பற்றி. வெளியே நின்றவர்களுக்கு அது வெறும் உளறல். ஜேம்ஸ் டேபர், ஃபிலிப் ஆர்னால்ட் என்ற இரு விவிலிய அறிஞர்களுக்கு மட்டும் அது புரிந்தது. வானொலியில் அதே முத்திரைகளைப் பற்றி அவருடைய பாஷையிலேயே பேசினார்கள். அந்த ஒலிநாடா வக்கீல்கள் மூலம் உள்ளே போயிற்று. ஏப்ரல் 14 அன்று கொரேஷிடமிருந்து கடிதம் வந்தது: முத்திரைகளுக்கு விளக்கம் எழுதி முடித்ததும் சரணடைகிறேன். சாக்குச் சொல்லி நாள் கடத்துகிறார் என்று அதிகாரிகள் நினைத்தார்கள். 19ஆம் தேதி கண்ணீர்ப்புகையோடு கவச வண்டிகள் சுவரை இடித்துக்கொண்டு போயின. தீப்பிடித்தது. குழந்தைகளையும் சேர்த்து 76 பேர் இறந்தார்கள். நெருப்பிலிருந்து தப்பி வந்த ஒரு பெண்ணிடம் கணினி டிஸ்க் ஒன்று இருந்தது. அதில் முதல் முத்திரைக்கான விளக்கம். மனிதர் நிஜமாகவே எழுதிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்! முடித்திருந்தால் வெளியே வந்திருப்பாரா என்பதில் இன்றைக்கும் சண்டை ஓயவில்லை. ஆனால் 1996இல் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் வேறொரு குழுவை 81 நாள் வளைத்தபோது சமய ஆய்வாளர்களிடமும் யோசனை கேட்டார்கள். அது துப்பாக்கிச் சண்டை இல்லாமல் முடிந்தது.

சரி, சோறு. ‘கல்ட் ஆய்வாளர் தேவை’ என்று எந்தப் பேப்பரிலும் விளம்பரம் வராது. அதனால் எம்.ஏ.வில் சமூகவியலையே எடுக்கட்டும். புதுவை, ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு க்யூட் பி.ஜி. என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்திலும் சமூகவியல் துறை உண்டு. தனக்குப் பிடித்த விஷயத்தை பிஎச்.டி.க்கு வைத்துக்கொள்ளலாம். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான தேசிய அளவிலான நெட் தேர்வில் ஒப்பியல் சமய ஆய்வு என்றும் ஒரு பாடம் இருக்கிறது. ஆனால் அதை நம்பிக் கல்லூரி வேலைக்குக் காத்திருப்பதைவிட, சமூகவியலில் எழுதுவதே புத்திசாலித்தனம். அதே தேர்வின் மூலம் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்துவிட்டால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அதற்குமேல் 42,000. பேட்டி எடுக்கவும் புள்ளியியல் மென்பொருளைக் கையாளவும் நன்றாகப் பழகிக்கொண்டால் கள ஆய்வு நிறுவனங்களிலும் தொண்டு நிறுவனங்களிலும் வாய்ப்புண்டு. வாத்தியார் வேலைக்கு நெட் அல்லது மாநில அளவிலான செட், கூடவே நிறையப் பொறுமை. இதைச் சர்க்கரை தடவிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு சோதனை வைத்துப் பாருங்கள். உங்கள் ஊரிலிருந்து, அய்யா வைகுண்டரின் பதி இருக்கும் கன்னியாகுமரி மாவட்டத்துச் சாமித்தோப்பு ஒரு பகல் பயணம்தான். அவருடைய வழியும் 19ஆம் நூற்றாண்டில் புதிதாய்க் கிளம்பிய ஓர் இயக்கம்தான். திருவிதாங்கூர் அரசு அவரைப் பிடித்துச் சிறையில் வைத்தது. இன்று அங்கே ஆண்கள் சட்டையைக் கழற்றி, தலைப்பாகை கட்டிக்கொண்டுதான் உள்ளே போகிறார்கள். கருவறை போன்ற பள்ளியறையில் கண்ணாடி இருக்கும். மகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அங்கே உட்காரச் சொல்லுங்கள். கீழ்ச்சாதி என்று ஒதுக்கப்பட்டவனுக்குத் தலைப்பாகை எதற்கு, சிலை இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடி எதற்கு என்று அங்கிருப்பவர்களிடமே கேட்கட்டும். வந்து நான்கு பக்கம் எழுதட்டும். ‘மூடநம்பிக்கை’ என்ற வார்த்தையும் வரக் கூடாது, ‘அற்புதம்’ என்ற வார்த்தையும் வரக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி என்ன வேண்டுதலோடு வந்தார் என்று அதில் ஒரு வரியாவது இருந்தால், எம்.ஏ.வுக்கு விண்ணப்பம் வாங்குங்கள்.