முடி பிடுங்கிக் கூடு கட்டிய முயல் ஏன் குட்டி போடவில்லை?

கேள்வி: மட்டக்களப்பு களுவாஞ்சிகுடியில் வளவுக்குள் தகரக் கொட்டில் போட்டு நியூசிலாந்து வெள்ளை முயல் வளர்க்கிறேன். பெட்டை இரண்டு, ஆண் ஒன்று. இந்தக் கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) காலத்து வெயிலுக்குள் இரண்டு தடவை சேர்த்தேன். இரண்டு தடவையும் பதினேழாம் நாளளவில் பெட்டைகள் முடி பிடுங்கிக் கூடு கட்டின, குட்டி இல்லை. மலடு, இறைச்சிக்குக் கொடு என்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் தம்பி, பெட்டைகளில் பிழை இருப்பதாகத் தெரியவில்லை. மாடு, ஆட்டுக்கு முட்டை தானாக வெளிவரும், முயலுக்கு அப்படியில்லை, ஆண் ஏறி இறங்கின பிறகு 10 முதல் 12 மணித்தியாலத்தில்தான் வெளிவரும். அப்படி வெளிவந்த முட்டை கருக்கட்டாமல் போனாலும் பெட்டையின் உடம்பு சினை என்றே நம்பிக்கொண்டு 16, 18 நாள் வரைக்கும் அப்படியே இருக்கும், அது முடிகிற நேரம் முடி பிடுங்கும். இதுதான் பொய்ச்சினை. உண்மையான சினை என்றால் 31 நாள் வேண்டுமே. ஆக, உங்கள் பெட்டைகள் முட்டை விட்டிருக்கின்றன, விந்துதான் சரியில்லைப் போலத் தெரிகிறது. (பெட்டைகள் இரண்டும் ஒரே கூட்டில் என்றால் உடனே பிரியுங்கள், ஒன்றின் மேல் ஒன்று ஏறினாலும் பொய்ச்சினை வரும்.)

எனக்குச் சந்தேகம் அந்தத் தகரத்தின் மேல்தான். 30 பாகைக்கு மேல் வெக்கை தொடர்ந்தால் ஆண் முயலின் விந்து குறையும், உயிரணு நீந்தாது, ஆனால் ஆண் ஏறுவதை நிறுத்தாமலும் இருக்கலாம், அதனால் பார்க்கிறவருக்கு எல்லாம் சரி போலத்தான் தெரியும். ஆணைத் தூக்கிப் பாருங்கள்: குறிக்கு முன்னால் இரண்டு பக்கமும் முடியில்லாத நீளமான பை இருக்கும், உள்ளே விதை கையில் தட்டுப்பட வேண்டும். பயந்தால் விதையை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும், கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள்.

இன்றைக்கே தகரத்துக்கு மேல் கிடுகு (பின்னின தென்னோலை) போடுங்கள், மத்தியானத்தில் நனைத்த சாக்கைத் தொங்கவிடுங்கள், ஐஸ் கட்டின தண்ணீர்ப் போத்தல் ஒன்றை ஆணின் கூட்டுக்குள் வையுங்கள். புது விந்து ஊறி வர இரண்டு மாதமளவில் பிடிக்கும், அதற்குள் அவசரப்பட்டுச் சேர்க்காதீர்கள்.

அப்புறம் ஒக்டோபரில் மழை தொடங்கினதும் விடியற்காலையில் சேர்த்துவிடுங்கள். பெட்டையின் குறி வெளிறி இருந்தால் விடவேண்டாம், நல்ல சிவப்பாக ஈரமாக இருந்தால் ஆணுக்கு இசைந்து நிற்கும். பெட்டையைத்தான் ஆணின் கூட்டுக்குக் கொண்டுபோக வேண்டும், மாறிச் செய்தால் பெட்டை தன் இடம் என்று கடிக்கும். சில மணித்தியாலம் விட்டு இன்னொரு தடவை சேர்த்தால் இன்னும் நல்லது.

14ஆம் நாள் வயிற்றின் அடியில் விரலால் மெதுவாகத் தடவுங்கள். முயலின் கருப்பை இரண்டு கொம்பாக, தனித்தனிக் கழுத்தோடு இருப்பதால் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். திராட்சைப் பழம் போல வழுக்கி ஓடினால் சினை, சின்னதாகக் கல்லுப் போல இருந்தால் புழுக்கை. அழுத்திவிடாதீர்கள், கரு நசுங்கிப்போகும். 28ஆம் நாள் வைக்கோல் போட்ட பெட்டியை உள்ளே வையுங்கள், குட்டி வரும்போது அடைமழையாக இருக்கும், வாடைச் சாரல் படாத பக்கமாகப் பார்த்து வையுங்கள்.