அப்பா பேரில் மூன்று லட்சம்: டிரஸ்டுக்கா, தெருக்கோடி வீட்டுக்கா?

கேள்வி: அண்ணாச்சி, வணக்கம். களக்காடு பக்கம் ஒரு கிராமம் எங்களுக்கு. அப்பா ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து பென்ஷனில் வந்தவர், போன வருடம் காலமானார். அம்மாவுக்கு 66 வயது. குடும்ப ஓய்வூதியம் மாதம் 24,000 வருகிறது, பேங்கில் 11 லட்சம் டெபாசிட் இருக்கிறது. அப்பா நினைவாக, வீடில்லாத முன்னாள் ராணுவத்தினருக்கு 3 லட்சம் கொடுக்க வேண்டும் என்கிறார். முன்னாள் வீரர்களுக்கு வீடு கட்டித் தருவதாகச் சொல்லும் ஒரு டிரஸ்டிலிருந்து அடிக்கடி போன் வருகிறது. வரிவிலக்கும் உண்டாம். எங்கள் தெருக்கோடியில் அப்பாவோடு பட்டாளத்துக்குப் போன ஒருவர் இருக்கிறார். நாங்கள் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவோம். 74 வயது. பத்து வருடத்துக்குள் வந்துவிட்டதால் பென்ஷன் கிடையாது. ஓட்டு வீடு, மழைக்கு ஒழுகுகிறது. யாருக்குக் கொடுப்பது?

பதில்: தம்பி, அம்மாவின் மனசு பெரிது. ஆனால் ஒரு ரூபாய் எடுக்கும் முன்னால் உங்கள் சித்தப்பாவை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு ஒருநாள் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். சிப்பாய், நாயக், ஹவில்தார் தரத்தில் பென்ஷன் வாங்க 15 வருட சேவை வேண்டும். அதற்கு முன்னால் வந்தவர்கள் பலர், நமக்கு ஒன்றும் கிடையாது என்று நினைத்தே காலத்தை ஓட்டிவிடுகிறார்கள். பென்ஷன் இல்லாத, வேறு நிரந்தர வருமானமும் இல்லாத, 65 வயது தாண்டிய முன்னாள் படைவீரருக்கும் அவர்களின் விதவைகளுக்கும் மத்திய அரசின் பாதுகாப்பு அமைச்சர் நல நிதியிலிருந்து மாத உதவி உண்டு. ஆபீசில் பெனுரி கிராண்ட் என்பார்கள். மாதம் 4,000 ஆக இருந்ததை 2025-இல் 8,000 ஆக உயர்த்திவிட்டார்கள். ஆயுள் முழுக்க வரும்.

கணக்கைப் பாருங்கள். அம்மா கொடுக்க நினைக்கும் 3 லட்சத்தை 7 சதவீத வட்டிக்குப் போட்டாலும் வருடத்துக்கு 21,000தான். சித்தப்பாவின் விண்ணப்பம் தேறினால் வருடத்துக்கு 96,000. எந்த டிரஸ்டும் அவருக்கு இதைச் செய்யப் போவதில்லை.

இதற்கு முதலில் வேண்டியது டிஸ்சார்ஜ் புக், அதாவது படையிலிருந்து விடுவிக்கும்போது கொடுத்த சேவைப் புத்தகம். பட்டாளத்துக்காரர் வீடு என்றால் பெயரும் நம்பரும் வெள்ளைப் பெயின்டில் எழுதின கறுப்பு டிரங்குப் பெட்டி ஒன்று கட்டாயம் இருக்கும். அதற்குள், பழைய கம்பளிக்கு அடியில் தேடச் சொல்லுங்கள். கிடைத்ததும் இரண்டு இடத்தைப் பாருங்கள். ஒன்று, எந்தக் காரணத்தால் விடுவிக்கப்பட்டார் என்று எழுதியிருக்கும் இடம். முன்னாள் படைவீரர் என்ற தகுதியே அதை வைத்துத்தான் முடிவாகும். ஒழுங்கு நடவடிக்கையில் வெளியே அனுப்பப்பட்டிருந்தால் கிடைக்காது. இரண்டாவது, சித்தியின் பெயர். அது இல்லை என்றாலோ ஆதாரில் ஒரு மாதிரி, இதில் ஒரு மாதிரி இருந்தாலோ இப்போதே சரிசெய்துவிட வேண்டும். அவர் காலத்துக்குப் பிறகு சித்தி தனியாக அலையக் கூடாது. இந்தப் பெயர்ச் சிக்கலில் வருடக்கணக்கில் இழுபடுகிற குடும்பங்கள் உண்டு.

புக்கையே கரையான் அரித்திருந்தால் அவருடைய படைப்பிரிவின் ரெக்கார்டு ஆபீசுக்கு எழுத வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன். எப்படி எழுதுவது என்று நல அலுவலகத்திலேயே சொல்லித் தருவார்கள். முன்னாள் படைவீரர் அடையாள அட்டை எடுத்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். இல்லையென்றால் முதல் வேலை அதுதான். அப்புறம் ஆதார், பேங்க் பாஸ்புக். விண்ணப்பம் இப்போது ஆன்லைனில். அதை அந்த அலுவலகம் சரிபார்த்துப் பரிந்துரைக்க வேண்டும். 74 வயதில் அவரால் இதைத் தனியாகச் செய்ய முடியாது. நீங்கள் கூட நிற்பதுதான் அப்பா பேரில் செய்கிற பெரிய உதவி.

சரி, வீடு. ஐப்பசி மழைக்கு முன்னால் கூரையை மாற்றியாக வேண்டும். கொத்தனாரைக் கூப்பிடும் முன் பட்டா யார் பேரில் இருக்கிறது என்று பாருங்கள். அண்ணன் தம்பி பங்கு பிரிக்காத வளவு வீடாக இருந்தால், பணம் போட்டுச் சீர்செய்த பிறகு பங்குச் சண்டை வரும். அவர் பேரில் இருந்தால், பணத்தைக் கையில் கொடுக்காமல் மரம், ஓடு, சிமென்ட் கடைக்கு நேராகக் கட்டுங்கள். வாங்கிக்கொள்கிறவருக்கும் கூச்சம் இருக்காது. அரசு வீட்டுத் திட்டத்தில் இடம் உண்டா என்று யூனியன் ஆபீசிலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அம்மாவின் 11 லட்சத்தில் 3 லட்சம் என்பது கால் பங்குக்கும் மேலே. குடும்ப ஓய்வூதியம் வருகிறது, இசிஎச்எஸ் என்கிற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் இருந்தால் வைத்தியச் செலவும் பெரும்பாலும் அதில் அடங்கும். என்றாலும் 66 வயதில் தனியாக இருக்கிறவரின் கையிருப்பை அந்த அளவுக்குக் குறைக்க எனக்கு மனம் வரவில்லை. கூரைக்கு ஒரு லட்சம் வரை, ஆயுதப்படை கொடிநாள் நிதிக்கு 50,000. இதோடு இந்த வருடம் போதும். கொடிநாள் 1949-இலிருந்து டிசம்பர் 7 அன்று அனுசரிக்கப்படுகிறது. சித்தப்பாவுக்கு நான் சொன்ன மாத உதவி வரும் பாதுகாப்பு அமைச்சர் நல நிதியே இந்தக் கொடிநாள் நிதியின் ஒரு பகுதிதான். கொடிநாள் நிதியை நடத்தும் மத்திய அரசு அமைப்பான கேந்திரிய சைனிக் போர்டின் இணையதளத்திலேயே நேராகச் செலுத்தலாம், இடையில் ஆள் தேவையில்லை.

வரிவிலக்குக்காக எதையும் முடிவு செய்ய வேண்டாம். அம்மாவின் ஓய்வூதியமும் வட்டியும் சேர்ந்தாலும் 4 லட்சத்தைத் தாண்டாது. புதிய வரிமுறையில் 12 லட்சம் வரை வரி இல்லை, அதில் நன்கொடைக்கான 80ஜி கழிவும் கிடையாது. வரியே கட்டாதவருக்கு வரிவிலக்கு எதற்கு?

இனி அந்த டிரஸ்ட். நல்லபடியாக நடத்துகிற அறக்கட்டளைகளும் இருக்கின்றன, எல்லாரையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. ஆனால் ராணுவ உடுப்பில் ஒரு படத்தையும் க்யூஆர் கோடையும் அனுப்பி, இன்றைக்கே போடுங்கள் என்று அவசரப்படுத்துகிறவர்களிடம் கவனம் வேண்டும். ராணுவ நல வீட்டுவசதி அமைப்பின் பெயரைச் சொன்னாலும் நம்பாதீர்கள். 1978-இல் தொடங்கிய அந்த அமைப்பு, லாபநோக்கு இல்லாமல் படையினருக்கு விலைக்கு வீடு கட்டிக் கொடுப்பது. வீட்டுக்கு வீடு போன் போட்டு நன்கொடை கேட்பது அதன் வேலையில்லை.

அடுத்த முறை போன் வந்தால், டிரஸ்டின் பான் நம்பரையும் 80ஜி பதிவு எண்ணையும் எழுத்தில் கேளுங்கள். வருமான வரித்துறை இணையதளத்தில் சரிபார்க்கலாம். கடந்த ஆண்டின் தணிக்கை அறிக்கையையும், இதுவரை கட்டின வீடுகள் எந்த ஊரில் இருக்கின்றன என்பதையும் கேளுங்கள். பக்கத்தில் ஒரு வீடு இருந்தால் பைக்கை எடுத்துக்கொண்டு நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். தராமல் இழுத்தடித்தால் நம்பரை பிளாக் செய்யுங்கள். இதற்குள் அம்மா ஏதாவது பணம் அனுப்பி ஏமாந்திருந்தால், தாமதிக்காமல் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அழைத்துப் புகார் கொடுங்கள்.